ஒளியால் மிதக்கும் நுண்துகள்களின் சுழற்சி

ஒளியால் மிதக்கும் நுண்துகள்களின் சுழற்சி என்பது, குவிக்கப்பட்ட சீரொளிக் (லேசர்) கற்றையால் வெற்றிடத்தில் எதனையும் தொடாது நிறுத்தப்பட்ட துகள், அவ்வொளி தரும் முறுக்குவிசையால் தன்னைத்தானே சுற்றுவதைக் குறிக்கும். மிக நுண்ணிய முறுக்குவிசைகளை அளக்க இது உதவுகிறது. இந்தியா 2023 இல் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்ததால், இத்தகைய ஆய்வுகள் நாட்டில் எங்கெங்கு வேரூன்றும் என்பது கவனத்துக்குரியது.

இயங்குமுறை

வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளி, கோண உந்தத்தைக் கொண்டுள்ளது. துகள் அவ்வொளியை உட்கவரும்போதோ, அதன் முனைவாக்கத்தை மாற்றும்போதோ, கோண உந்தத்தின் ஒரு பகுதி துகளுக்குக் கைமாறுகிறது. காற்றில் மூலக்கூறுகளின் மோதல் சுழற்சியைத் தடுக்கும். வெற்றிடத்தில் இத்தடை மிகக் குறைவு. ஒளியின் முறுக்குவிசையும் எஞ்சிய வளிமத்தின் இழுவையும் சமனாகும்போது வேகம் நிலைபெறுகிறது. ஆகவே அழுத்தம் குறையக் குறைய வேகம் கூடும்.

வரலாறு

ஒளிக்குக் கோண உந்தம் உண்டென 1909 இல் பாயிண்டிங் கணித்தார். காவிரிக்கரைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன், பகவந்தத்துடன் இணைந்து, ஒளிச்சிதறல் ஆய்வின் வழியாக ஒளியணுவின் தற்சுழற்சிக்கான சான்றை 1931 இல் வெளியிட்டார். ஒளி ஒரு படிகத்தகட்டைத் திருப்புவதை 1936 இல் பெத் நேரடியாக அளந்தார்.

ஆர்தர் ஆசுக்கின் 1970 இல் ஒளியால் துகளைப் பிடித்தார். 1971 இல் கண்ணாடிக் கோளத்தை ஒளியால் மிதக்கவிட்டார். ஒளியிடுக்கிக்காக இவருக்கு 2018 இல் நோபல் பரிசு கிடைத்தது. 2013 இல் செயின்ட் ஆண்ட்ரூசு பல்கலைக்கழகத்தினர், சுண்ணாம்புச் சேர்மமான வாட்டரைட்டின் 4 மைக்ரோமீட்டர் கோளத்தை நொடிக்கு ஏறத்தாழ 50 இலட்சம் முறை சுழலச் செய்தனர். 2018 இல் சூரிச்சு, பர்டூ ஆய்வுக்குழுக்கள் சிலிக்கா நுண்துகள்களில் நொடிக்கு 100 கோடிச் சுற்றுகளைத் தாண்டின. 2020 இல் பர்டூ குழு 500 கோடியை எட்டியது.

முக்கியத்துவம்

வெற்றிடமும் சுழலும் பொருளை மிகச்சிறிதளவு தடுக்கும் எனக் கோட்பாடு கணிக்கிறது. இந்த 'வெற்றிட உராய்வை'க் கண்டறிவது இவ்வாய்வுகளின் இலக்குகளுள் ஒன்று. 2025 இல் சூரிச்சு ஆய்வாளர்கள், முழுச்சுழற்சிக்கு மாறாக, மிதக்கும் நுண்துகளின் திசையசைவை அறை வெப்பநிலையிலேயே குவாண்டம் தாழ்நிலைக்கு அருகே கொணர்ந்தனர்.

இந்தியாவும் காரைக்காலும்

குவாண்டம் திட்டத்துக்கு 2030-31 வரை 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024 இல் நான்கு மையங்கள் அறிவிக்கப்பட்டன: கணிப்புக்குப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், தொடர்பாடலுக்குச் சென்னை ஐஐடி, உணரிகளுக்கும் அளவியலுக்கும் மும்பை ஐஐடி, பொருள்களுக்கும் கருவிகளுக்கும் தில்லி ஐஐடி. நான்கும் பெருநகர நிறுவனங்களே.

மிதக்கும் துகள் ஆய்வு முடுக்கிகளைப் போலப் பெருங்கட்டமைப்பைக் கோருவதன்று. ஓர் ஒளியியல் மேசை, சீரொளி, வெற்றிடக் கலன், எக்கி ஆகியவை கொண்டு தொடங்கலாம். ஆயினும் அதிர்வற்ற தளம், தடையில்லா மின்சாரம், தேர்ந்த ஆய்வாளர் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. காரைக்கால் மாவட்டத்தின் திருவேட்டக்குடியில் அமைந்த புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் (நிறுவப்பட்டது 2010) போன்ற கடலோரச் சிறு வளாகங்களுக்கு இத்துறை எட்டாததன்று. கருவி வாங்கும் நிதியை விட, மையங்கள் அவற்றோடு மாணவரையும் பட்டறிவையும் பகிர்ந்துகொள்வதே இங்குத் தீர்மானிக்கும் காரணியாகும்.