பச்சிளம் பிள்ளையின் படமும் ஓர் அமானிதமே

அண்மையில் எனது மகளுக்குப் பெண் பிள்ளை கிடைத்தது. ஒன்பதாம் நாள் பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். படங்கள் எங்கள் கைக்கு வருவதற்கு முன்னரே பேத்தி பேஸ்புக்கில் வந்துவிட்டாள். கூடைக்குள் உறங்கும் பிள்ளையின் முகத்துக்குக் கீழே "இம்மாத விசேட கழிவு" என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். மருமகன் தொலைபேசியில் கேட்டபோது, "எல்லோரும் போடுவதுதானே சேர்" என்று பதில் வந்தது. பிறகு அகற்றிவிட்டார்கள். ஆனால் அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அதிக நேரம் கோபப்பட முடியவில்லை. அதே தவறை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன்.

காலி வீதியில் வாப்பாவின் கடையில் அல்பமும் பிரேமும் விற்ற காலம் அது. 1996ஆம் ஆண்டு என்று ஞாபகம். வெறும் பிரேமைக் கண்ணாடி அலுமாரியில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உள்ளே ஒரு பிள்ளையின் படம் இருந்தால் தாய்மார் நின்று பார்ப்பார்கள். எங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் மேலதிகமாகக் கழுவிய பிரதிகளை மாதிரிக்கு என்று தருவார். நாங்களும் யோசிக்காமல் வைத்தோம்.

ஒருநாள் ஒரு பெண்மணி உள்ளே வந்து, "தம்பி, இந்தப் பிள்ளையின் படம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இது என்னுடைய பிள்ளை. மௌத்தாகி எட்டு மாதம்" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. படத்தைக் கழற்றிக் கொடுக்கப் போனேன். "பிரேமோடு தாருங்கள்" என்றார். காசு வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் பிரேமின் விலையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலையே கடையில் இருந்த அத்தனை படங்களையும் வாப்பா கழற்றச் சொன்னார். அதன் பிறகு பூப்படங்களைத்தான் வைத்தோம். வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பிள்ளைகளைப் படம் பிடிக்கும் தொழில் நமது நாட்டுக்குப் புதியதல்ல. பிளாட்டே நிறுவனம் கொழும்பில் ஆரம்பமானது 1890இல். அதற்கும் முந்திய காலத்துக் கெமராக்களில் ஒரு படம் பதிய பல வினாடிகள் எடுக்கும். பிள்ளை அசைந்தால் படம் கெட்டுவிடும். அதனால் மேல்நாடுகளில் தாயைத் துணியால் மூடி, நாற்காலி போல உட்கார வைத்து, அவள் மடியில் பிள்ளையை வைத்துப் பிடித்தார்கள். தாயின் முகம் படத்தில் வராது. ஆனால் தாயின் கை பிள்ளையை விட்டு அகலாது. இந்த ஒரு விஷயத்தை இன்றைய தொழிலாளர்கள் மனதில் வைக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் பிறந்த சூட்டோடு யாரும் ஸ்டூடியோவுக்குப் போனதில்லை. நாற்பது கழியும், பிள்ளை குப்புறப் படுத்துத் தலை தூக்கும், அப்போதுதான் படம். 1996இல் ஆன் கெடிஸ் என்ற அவுஸ்திரேலியப் பெண்மணி பூக்களுக்குள்ளும் இலைகளுக்குள்ளும் பிள்ளைகளை வைத்து எடுத்த படங்களின் நூல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையானது. அந்த மோகம் மெல்ல மெல்ல இங்கும் வந்தது. இப்போது பிறந்து இரண்டு கிழமைக்குள் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்த நாட்களில்தான் பிள்ளை ஆழ்ந்து உறங்கும், கை காலை மடக்கி வைத்தால் அப்படியே கிடக்கும் என்பது காரணம்.

வியாபாரக் கண்ணோட்டத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. கையடக்கத் தொலைபேசியில் கெமரா வந்த பிறகு சாதாரண ஸ்டூடியோ தொழில் படுத்துவிட்டது. கொடாக் போன்ற பெரிய கம்பனியே 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. இங்கே ஸ்டூடியோக்களைத் தாங்கியவை கலியாணமும் கடவுச்சீட்டுப் படமும்தான். 2022 நெருக்கடியில் மட்டும் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. மக்கள் வெளியேறும் நாட்டில் பிறப்பும் குறைகிறது. 2019இல் சுமார் 3 இலட்சத்து 19 ஆயிரமாக இருந்த பிறப்புகள் 2023இல் 2 இலட்சத்து 48 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டன. பிள்ளைகள் குறையக் குறைய, இருக்கும் பிள்ளைக்குச் செலவழிக்கும் மனம் பெற்றோருக்குக் கூடுகிறது. ஆகவே இந்தத் தொழில் இன்னும் சில காலம் ஓடும்.

ஆனால் இது அல்பம் விற்பது போன்ற தொழிலல்ல. பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு உறங்குவது போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒரே தடவையில் எடுத்தவையல்ல. ஒருவர் தலையைப் பிடித்திருக்க ஒரு படம், கையைப் பிடித்திருக்க இன்னொரு படம் என எடுத்து, கம்பியூட்டரில் இணைத்துப் பிடித்த கைகளை அழித்துவிடுகிறார்கள். கொப்பில் கட்டிய துணித் தொட்டிலும் அப்படித்தான். பிள்ளை உண்மையில் தரையில் மெத்தையில் கிடக்கும். இது தெரியாத ஒருவர் படத்தைப் பார்த்து உண்மையாகவே செய்து பார்த்தால் என்ன நடக்கும்? முகவாய் நெஞ்சில் அழுந்தினாலே பச்சைப் பிள்ளைக்கு மூச்சுத் தடைப்படலாம்.

ஏசி விஷயமும் இதேதான். பச்சைப் பிள்ளையின் உடற்சூடு விரைவில் இறங்கும். குளிர் நாடுகளில் இதற்கென்றே ஸ்டூடியோவுக்குள் ஹீட்டர் போட்டு 27, 28 பாகை வரை சூடாக்குகிறார்கள். கொழும்பில் அல்லாஹ் அந்தச் சூட்டை இலவசமாகவே தந்திருக்கிறான். ஏசியை நிறுத்தினால் போதும். வேர்ப்பது படப்பிடிப்பாளருக்குத்தான். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. தடிமனோ காய்ச்சலோ உள்ளவர் அன்று பிள்ளையைத் தொடவும் கூடாது.

அடுத்தது படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. கெமரா ஸ்டூடியோவுக்குச் சொந்தமாக இருக்கலாம். பிள்ளையின் முகம் ஸ்டூடியோவுக்குச் சொந்தமல்ல. நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய விபரங்களை விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. அதன் அமுலாக்கம் கட்டம் கட்டமாகத் தள்ளிப்போனது வேறு விஷயம். அமானிதத்தைப் பேண வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தையற்காரரிடம் கொடுத்த துணியை அவர் தனது கடை வாசலில் தொங்கவிட்டு ஆள் சேர்த்தால் பொறுத்துக்கொள்வோமா?

"படம் போடாமல் எப்படி விளம்பரம் செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் கேளுங்கள். தருபவர்கள் தருவார்கள். சம்மதித்தால் இத்தனை வீதம் கழிவு என்று சொல்லுங்கள், அதுவும் வியாபாரம்தான். மறுத்தால் விட்டுவிடுங்கள். கால், கை, முகம் தெரியாத படங்களைக் கொண்டும் நல்ல விளம்பரம் செய்யலாம்.

நமது சமூகத்துக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. நமது வீடுகளில் பிள்ளை பெற்ற தாய் நாற்பது நாள் வெளியே போவதில்லை. படத்துக்கு ஏற்ற காலமோ முதல் இரண்டு கிழமை. ஆகவே பிள்ளையையும் தாயையும் ஸ்டூடியோவுக்கு இழுப்பதை விட, கெமராவோடு வீட்டுக்கு வரும் பெண்களே இதற்குப் பொருத்தம். ஜன்னல் ஓரத்துக் காலை வெளிச்சம், ஒரு வெள்ளைத் துணி, பக்கத்தில் தாய்; வேறென்ன வேண்டும்? படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நமது பெண் பிள்ளைகள் முறையாகப் பயின்று இதைச் செய்தால், பெரிய முதலீடு இல்லாமல் கௌரவமாக உழைக்கலாம்.

படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் 2005இல் ஆரம்பித்த ஒரு தொண்டு அமைப்பு, பிறந்தவுடன் இறக்கும் குழந்தைகளைப் பெற்றோருக்காக இலவசமாகப் படம் பிடித்துக் கொடுக்கிறது. அந்தப் பெற்றோருக்கு மிஞ்சுவது அந்தப் படம் மட்டும்தான். இதை வாசித்தபோது எங்கள் கடைக்கு வந்த அந்தப் பெண்மணிதான் நினைவுக்கு வந்தார். படத்தை அவர் ஏன் கிழிக்கவில்லை, ஏன் பிரேமோடு கேட்டார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

பிள்ளையின் படம் அவ்வளவு பெறுமதியானது. அதனால்தான் அது அந்த வீட்டில் இருக்க வேண்டும். அடுத்த முறை ஸ்டூடியோவுக்குப் போகும் பெற்றோர் முற்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: படம் எடுக்கும்போது பிள்ளையை யார் பிடித்திருப்பார்? எடுத்த பிறகு படம் எங்கே இருக்கும்? இரண்டுக்கும் தெளிவான பதில் சொல்பவரிடம் மட்டும் பிள்ளையைக் கொடுங்கள்.