பரிசோதனைச்சாலைச் சட்டமும் துடைப்பம் பிடிக்கும் கையும்

சர்வகலாசாலைகளில் நோய்க்கிருமிகளை வைத்து ஆராயும் பரிசோதனைச்சாலைகளுக்குப் பாதுகாப்பு விதிகள் உண்டா என்று வினவினால், "உண்டு" என்றே எவரும் விடை பகர்வர். விதிகள் உண்டு, புத்தகங்கள் உண்டு, கமிட்டிகள் உண்டு. அவை யாருக்காக உண்டு என்பதே நமது கேள்வி. இது மெத்தப் படித்த கனவான்களின் விவகாரம், கூலிக்கு உழைக்கும் நமக்கு இதில் என்ன என்று கருதும் தோழர்கள் சற்றுப் பொறுமையுடன் மேலே வாசிக்க வேண்டுகிறோம்.

எங்கள் தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்த அக்காள் ஒருவர் இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்து, ஒரு கல்விச்சாலையின் ஆராய்ச்சிக்கூடத்தில் கான்ட்ராக்டரின் கீழ்த் தரை கூட்டி வருகிறார். அக்கூடத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. சென்ற ஆண்டு குப்பைப் பையைத் தூக்கும்போது, உள்ளே கிடந்த ஊசி அவர் விரலில் ஏறிற்று. "சோப்புப் போட்டுக் கழுவு" என்றார் மேற்பார்வையாளர். எந்தப் புத்தகத்திலும் அது பதியப்படவில்லை. ஊசியில் இருந்தது என்ன கிருமி என்று கேட்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. மூன்று மாதம், பெற்ற பிள்ளைகளை அணைக்கவும் அஞ்சிக் கிடந்தார். "தம்பி, அந்தக் கதவில் ஏதோ பூப்படம் ஒட்டியிருக்கிறது. அழகுக்கு ஒட்டியது என்றல்லவா நினைத்தேன்!" என்றார்.

அது பூவன்று. கிருமி அபாயத்தைக் குறிக்கும் உலகப் பொது அடையாளம். 1966-ல் அமெரிக்காவில் சார்லஸ் பால்ட்வின் என்பாரும் அவர் கூட்டாளிகளும் அதனை ஆக்கினர். கண்டால் மறவாததாகவும், ஆனால் தனக்கென ஒரு பொருளும் இல்லாததாகவும் இருக்கவேண்டும் என்று வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தனர். பொருளைப் பின்னர் மக்களுக்குக் கற்பிப்பது என்பது அவர்கள் ஏற்பாடு. ஆக்கியவர் கற்பிக்கச் சொன்னார். ஒட்டியவரோ ஒட்டியதோடு கடமை தீர்ந்ததென்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கோ எப்போதோ நிகழும் விபத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்பார் உளர். 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் சர்வகலாசாலையில் ஜேனட் பார்க்கர் என்னும் மாது பெரியம்மையால் மாண்டார். உலகில் அந்நோய்க்குக் கடைசிப் பலி அவரே. அவர் கிருமி ஆராய்ந்த பண்டிதரல்லர். பெரியம்மைக் கிருமிக் கூடத்துக்கு மேல்மாடியில் புகைப்பட வேலை பார்த்தவர். கிருமி எவ்வழியே அவரை அடைந்தது என்பது இன்றும் தர்க்கத்திலுள்ளது. 2003-ல் நமது அண்டை வீடான சிங்கப்பூரில், வேறொரு கிருமியை ஆராயச் சென்ற சர்வகலாசாலை மாணவர் ஒருவருக்குப் பரிசோதனைச்சாலையிலேயே சார்ஸ் தொற்றிற்று. அந்நாடு வெட்கப்பட்டது, அபாயக் கிருமிகள் அனைத்துக்கும் 2005-ல் தனிச் சட்டம் இயற்றிற்று.

நாமோ? 1998, 1999 ஆண்டுகளில் நீபா காய்ச்சல் பேராக், நெகிரி செம்பிலான் முதலிய மாநிலங்களில் 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொண்டுபோயிற்று. கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று முதலில் எண்ணி ஊரெல்லாம் புகையடித்தார்கள். கொசுவன்று, புதிய கிருமி என்று 1999 மார்ச்சில் கண்டறிந்தது, பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சில கல் தொலைவிலுள்ள மலாயா சர்வகலாசாலைப் பரிசோதனைச்சாலையே. கண்டவர் டாக்டர் சுவா காவ் பிங். இன்று நான்காம் படி, அதாவது உச்சப் பாதுகாப்புக் கூடத்தில் மட்டுமே தொடத்தக்கதென வகுக்கப்பட்ட கிருமியை, இன்னதென்று அறியாமலே கையாண்ட தீரம் அது. ஆகவே நாம் ஆராய்ச்சிக்குப் பகைவரல்லர். அது இல்லையேல் இன்னும் கொசுவுக்குப் புகை போட்டுக்கொண்டிருப்போம்.

ஆனால் அத்தனை சாவைக் கண்ட நாட்டில் 2007-ல் இயற்றப்பட்டு, 2009 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்த உயிரியற் பாதுகாப்புச் சட்டம், மனிதன் மரபணுவை மாற்றிப் படைத்த உயிர்களையே நோக்குகிறது. இயற்கையாய்ப் பிறந்த நீபா அதன் கண்ணில் படாது. இயற்கைக் கிருமிகளைக் கையாளும் கூடங்களுக்குச் சுகாதார அமைச்சு 2015-ல் வெளியிட்டது வழிகாட்டிதான். 1994-ஆம் ஆண்டுத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்குப் பொதுக் கடமை விதிக்கிறது, மெய்யே. ஆயின் அக்காளின் முதலாளி யார்? கல்விச்சாலை கான்ட்ராக்டரைக் காட்டுகிறது. கான்ட்ராக்டர் கல்விச்சாலையைக் காட்டுகிறார். இடையிலே நிற்பது குத்துப்பட்ட விரல்.

பிறரை மட்டும் குற்றம் சாட்டுவது நேர்மையாகாது. ஆங்கிலப் பள்ளியில் படித்துக் கிராணி உத்தியோகம் பெற்ற நான், பூச்சிமருந்து டின்னின் எச்சரிக்கையை ஆங்கிலத்திலே வாசித்து, மருந்தடிக்கும் பெண்களிடம் கைநாட்டு மட்டும் வாங்கிய நாட்கள் உண்டு. விதி கோப்பில் இருந்தது. அவர்கள் காதில் இல்லை. தோட்டத்துக் கிராணி செய்த பிழையையே சர்வகலாசாலைப் பண்டிதர்களும் செய்கின்றனர், பட்டம்தான் வேறு.

நாம் கேட்பது பெரிதன்று. கிருமிக் கூடத்துள் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் தமிழரோ, மலாய்க்காரரோ, வங்காளியோ, நேப்பாளியோ, அவரவர் மொழியிலே, வேலை தொடங்குமுன் விதிகள் வாய்விட்டுச் சொல்லப்படட்டும். பெரட்டில் பெயர் கூப்பிட நேரமிருக்கிறதென்றால், உயிர் காக்கும் நாலு வார்த்தை சொல்ல நேரமில்லையா? ஊசி குத்தினால் அன்றே பதிவும் வைத்தியமும் நடக்கட்டும். சொன்னவருக்கு வேலை போகாதென்ற உறுதி இருக்கட்டும். பிறவிக் கிருமிக்கும் சட்டம் வரட்டும்.

கிருமிக்குப் பேராசிரியரின் கையும் கூட்டுகிறவரின் கையும் ஒன்றே. அதற்குத் தெரிந்த சமத்துவம் விதி வகுப்போருக்கும் தெரியவேண்டாமா?