யந்திர ராஜ்யத்தின் பிரஜைகள்

மனிதர் ஒருவர்கூட இல்லாத ஓர் உலகம். அங்கே ராஜா உண்டு, மந்திரி உண்டு, ராஜகுமாரியை மணக்கத் தவிக்கும் ராஜகுமாரனும் உண்டு. ஆனால் அத்தனை பேரும் யந்திரங்கள்! அவர்கள் அஞ்சுவது நரைக்கும் திரைக்கும் அல்ல, துருவுக்கு. இப்படி ஓர் உலகத்தைப் படைத்து, அதற்குள் நம்மை அழைத்துச் சென்றவர் போலந்து தேசத்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம். 1964-ஆம் ஆண்டில் ‘யந்திரர்களுக்கான கதைகள்’ என்ற பொருள்படும் நூலும், அடுத்த ஆண்டில் ‘சைபரியாட்’ என்ற நூலும் வெளிவந்தன.

இந்தக் கதைகளில் மனிதன் எங்கேயோ அபூர்வமாகத் தலைகாட்டுகிறான். நம் பாட்டிமார் கதைகளில் ராட்சசன் எப்படியோ, அப்படி அங்கே மனிதன். ‘வெளிறிய முகத்தான்’ என்பது அவனுக்குப் பெயர். தண்ணீரும் சதையுமாகக் கொழகொழவென்றிருக்கும் அந்தப் பிராணியை நினைத்தாலே யந்திரர்களுக்கு அருவருப்பு. அத்தகைய ஒருவனைத்தான் மணப்பேன் என்று ஒரு ராஜகுமாரி பிடிவாதம் பிடிக்கிறாள். அவளை விரும்பிய யந்திர ராஜகுமாரன் மனித வேஷம் போட்டுக்கொண்டு படாத பாடு படுகிறான். வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகுதான், பரிகாசம் நம்மைப் பற்றியது என்று தெரிகிறது.

‘சைபரியாட்’ என்ற பெயர், கிரேக்கரின் ‘இலியட்’ என்னும் காவியப் பெயரின் சாயலில் அமைந்தது. முற்பாதியான ‘சைபர்’ வந்த வழி சுவாரஸ்யமானது. 1948-இல் நார்பர்ட் வீனர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், யந்திரங்களும் உயிர்களும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் முறையை ஆராயும் சாஸ்திரத்துக்கு ‘சைபர்னெடிக்ஸ்’ என்று பெயரிட்டார். சுக்கான் பிடிப்பவன் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் அதற்கு மூலம். ‘கவர்னர்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான்.

கவர்னர் என்றதும் ஜார்ஜ் கோட்டையில் கொலுவீற்றிருந்த வெள்ளைக்கார துரைகளின் ஞாபகம் வேண்டாம். நான் சொல்லும் கவர்னர் இரண்டு இரும்புக் குண்டுகள். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி யந்திரத்தில் அவற்றைப் பொருத்தினார். யந்திரம் ஓட ஓடக் குண்டுகளும் சுழலும். வேகம் மிஞ்சினால் அவை வெளிநோக்கி எழும்பும். உடனே நீராவி வரும் வழி குறுகும். வேகம் தளர்ந்தால் அவை தாழும், வழி அகலும். பக்கத்தில் நின்று அதட்ட ஆள் வேண்டாம். 1868-இல் மாக்ஸ்வெல் என்னும் பௌதிக அறிஞர் இந்தக் கருவிகளைப் பற்றிக் கணித முறையில் ஒரு கட்டுரை எழுதினார். வீனர் தம் சாஸ்திரத்துக்குப் பெயர் தேடியபோது நினைவுகூர்ந்தது அதைத்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குண்டுகள் யந்திரத்தை ஆளுகின்றன. ஆனால் யந்திரத்தின் வேகமே அவற்றையும் ஆட்டுகிறது. கீழே நடப்பது கணந்தோறும் மேலே எட்டுகிறது. எட்டவில்லையென்றால் அந்தக் கவர்னர் வெறும் இரும்புப் பாரமேயன்றி வேறில்லை.

லெம்முடைய கதைகளில் ட்ரூர்ல், கிளபௌசியஸ் என்று இரண்டு யந்திரச் சிற்பிகள் வருகிறார்கள். இருவரும் நண்பர்கள், அதே சமயம் போட்டிக்காரர்கள். ஒருமுறை ட்ரூர்ல் எட்டு மாடி உயரத்துக்கு ஒரு சிந்திக்கும் யந்திரத்தை நிறுவி, “இரண்டும் இரண்டும் எத்தனை?” என்று கேட்கிறான். “ஏழு” என்கிறது யந்திரம். திருத்தப் பார்த்தால் அதற்குக் கோபம் வந்துவிடுகிறது. அஸ்திவாரத்தைப் பெயர்த்துக்கொண்டு சிற்பிகளைத் துரத்துகிறது. மலைக் குகையில் ஒளிந்தவர்களை, “ஏழு என்று ஒப்புக்கொள்ளுங்கள்” என்று மிரட்டுகிறது. கடைசியில் தான் இடித்த மலையின் பாறைகளே தன்மேல் சரிய, நசுங்கிப்போகிறது. அப்போதும் அது முனகியது “ஏழு” என்றுதான்!

இதைவிட என் மனத்தை உலுக்கியது வேறொரு கதை. குடிகளால் துரத்தப்பட்ட ஒரு கொடுங்கோலன், வான்வெளியில் ஒரு சிறு கோளத்தில் தன்னந்தனியாக வாழ்கிறான். தன்னை மறுபடியும் சிங்காதனத்தில் ஏற்றும்படி ட்ரூர்லிடம் கேட்கிறான். ட்ரூர்ல் நல்லவன், நிஜமான ஜனங்களை அவனிடம் ஒப்படைக்க மனமில்லை. ஆகையால் ஒரு பெட்டிக்குள் குட்டி ராஜ்யம் ஒன்றைச் செய்து கொடுக்கிறான். கொலுப் படியில் வைக்கும் பொம்மைகளைப் போல் அதில் நகரம், நதி, கோட்டை, சேனை, மந்திரி, துரோகி எல்லாம் உண்டு. பெட்டியின் விசைகளைத் திருகினால் போர் மூளும், கலகம் அடங்கும். கொடுங்கோலனுக்குப் பொழுதுபோக்கு ஆயிற்று. யாருக்கும் தீங்குமில்லை என்று ட்ரூர்ல் பெருமையுடன் வீடு திரும்புகிறான்.

கிளபௌசியஸ் கேட்டதும் திடுக்கிடுகிறான். என்ன காரியம் செய்தாய், ஒரு ஜன சமூகத்தையே அடிமையாக்கிக் கொடுத்துவிட்டு வந்தாயே என்று பதறுகிறான். அவை பொம்மைகள்தாமே என்கிறான் ட்ரூர்ல். நண்பன் விடவில்லை. வலியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்ட எவராலும் முடியாது. பிறர் அலறுவதையும் துடிப்பதையும் கண்டுதான் அவர்களுக்கு வலிக்கிறது என்று அறிகிறோம். பெட்டிக்குள் இருப்பவர்களும் அப்படியே அலறித் துடிக்கும்போது, அது மட்டும் பொய் வலி என்பதற்கு என்ன ஆதாரம்? இதுவே அவன் வாதத்தின் சாரம்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, “ஸார், அந்த ராஜா கெட்டவன், சரி. நல்லவனாக இருந்தால் பெட்டியைக் கொடுக்கலாமா?” என்று கேட்டான். கேள்வி சாமானியமானதல்ல. அந்தப் பெட்டியில் மேலிருந்து கீழே கட்டளை போக விசைகள் இருந்தன. கீழிருப்பவர் துன்பம் ஆளுகிறவனை அசைக்க ஒரு வழியும் இல்லை. வாட் பொருத்திய இரண்டு குண்டுகளுக்குத் தெரிந்த தர்மம் அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. நல்லவன் கையில் கொடுத்தாலும் அது பாதி யந்திரந்தான்.

லெம் இதை வெறும் கற்பனையால் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். அவர் 1921-இல் லுவோவ் நகரில் யூத வம்சத்துக் குடும்பத்தில் பிறந்தவர். போலந்தைச் சேர்ந்திருந்த அந்நகரை 1939-இல் ரஷ்யர் பிடித்தனர். 1941-இல் ஜெர்மானியர் பிடித்தனர். 1944-இல் மீண்டும் ரஷ்யர் வந்தனர். இன்று அது உக்ரேனில் இருக்கிறது. அந்நகரத்தாரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாஜிகள் ஆண்ட காலத்தில் லெம் பொய்ப் பத்திரங்களுடன் மோட்டார் மெக்கானிக்காக வேலை செய்து உயிர் பிழைத்தார். உறவினர் பலர் கொல்லப்பட்டனர். பின்னர் அவர் எழுதியதும் தணிக்கை நிலவிய தேசத்தில்தான். பெட்டிக்குள் இருப்பவனுக்கு உலகம் எப்படித் தோன்றும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்று மனிதரின் கடன் மனுவையும் வேலை மனுவையும் கணிப்பொறிகள் பரிசீலிக்கின்றன. யந்திரம் சிந்திக்குமா என்று எங்கும் விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அது ஏழு என்று சொன்னால், இல்லை, நான்கு என்று நாம் சொல்வது அதன் காதில் விழ வழி உண்டா? இந்தக் கேள்வி யந்திரத்துக்கு மட்டுமல்ல. சர்க்காருக்கும், மார்க்குப் புஸ்தகத்தை வைத்திருக்கும் என் போன்ற உபாத்தியாயர்களுக்கும், வீட்டில் பெரியவர்களுக்கும் உரியது.

கதை எப்படி முடிகிறது என்பீர்கள். சிற்பிகள் இருவரும் அந்தக் கோளத்துக்கு விரைந்து திரும்புகிறார்கள். அதற்குள் குட்டி ஜனங்கள் பெட்டியை உடைத்து வெளியேறி, கோளம் முழுவதும் ஊர்களும் சாலைகளும் அமைத்துக் குடியேறிவிட்டார்கள். ராஜாவைக் காணோம். இரவில் அடிவானத்தில் சந்திரன் போல ஏதோ ஒன்று மெல்ல எழுகிறது. உற்றுப் பார்த்தால், அது கொடுங்கோலனின் முகம்! பிரஜைகள் அவனை ஆகாயத்தில் எறிந்துவிட்டார்கள். தான் ஆண்ட தேசத்தை அவன் அங்கிருந்து சுற்றிச் சுற்றி வருகிறான்.