கம்ப்யூட்டருக்கும் சனி பிடிக்குமா?

மனிதனுக்குச் சனி பிடிக்கின்றது, மாட்டுக்குக் கண்ணேறு படுகின்றது, வீட்டுக்கு வாஸ்து கெடுகின்றது என்று சொல்லிப் பிழைத்து வந்த கூட்டத்தார் இப்போது கம்ப்யூட்டருக்கும் இவையெல்லாம் உண்டு என்று சொல்லப் புறப்பட்டிருக்கின்றார்கள். தேனி ஜில்லாவில் மார்க்கையன்கோட்டைப் பக்கத்தில் இந்தப் பேச்சு சுலபமாய் எடுபடுகின்றது. ஏனெனில், பக்கத்திலேயே குச்சனூரில் சனீசுவரன் கோயில் இருக்கின்றது. ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அங்கு கூடும் கூட்டத்தைப்பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இவ்வட்டாரத்தில் எந்த வஸ்து ஓடாமல் நின்றாலும், விசாரணைக்கு முன்னமேயே குற்றவாளி தயாராக இருக்கின்றான்!

சங்கதி என்னவென்றால், சர்க்கார் 2011-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி முதல் பள்ளி, காலேஜ் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிற்று. நாற்று நட்டும், திராட்சைப் பந்தலில் கூலிக்குப் போயும் காலந்தள்ளும் எத்தனையோ குடும்பங்களில் கம்ப்யூட்டர் என்பது முதன்முதல் நுழைந்தது அந்த வழியாகத்தான். அண்ணன் படித்து முடித்த பெட்டி தங்கைக்கு வருகின்றது. அதற்குள் அது கிழடு தட்டிப் போகின்றது. போதாக்குறைக்கு விண்டோஸ் 10-க்குக் கம்பெனியார் கொடுத்து வந்த பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. புதுப்பெட்டி வாங்க வகையில்லாதவர்கள் பழைய பெட்டிக்கே ராம் கூட்டுகின்றார்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுகின்றார்கள். இது புத்தியுள்ள காரியமேயாகும். ஆனால் போட்டு முடித்துப் பொத்தானை அமுக்கினால், சில பெட்டிகளில் கம்பெனி முத்திரை திரையில் தோன்றி அப்படியே நின்று விடுகின்றது. விடிய விடியக் காத்திருந்தாலும் அப்பால் நகருவதில்லை.

உடனே வீட்டில் நடப்பதென்ன? ராகு காலத்தில் பெட்டியைத் திறந்ததால் வந்தது என்கிறார் ஒருவர். மாதவிலக்கு நாளில் அந்தப் பெண் தொட்டிருப்பாள் என்கிறார் இன்னொருவர். படிப்பதும், வேலைக்கு மனுப் போடுவதும் அந்தப் பெண்; பெட்டி அவளுக்கென்றே செலவு செய்து சரி பண்ணியது. அவளே அதைத் தொடக்கூடாதாம்! பிறகு எலுமிச்சம்பழமும் விபூதியும் வருகின்றன. ஆயுத பூசையன்று பூசிய சந்தனம் முன்னமேயே காற்றுத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும். உஷ்ணம் வெளியேற வழியில்லாமல் செய்துவிட்டு அதைப் பக்தி என்பது நம் மக்களுக்கே உரிய சாமர்த்தியம்.

நாம் கேட்கின்றோம்: நேற்று வரையில் ஓடியது, இன்று ஒரு புதுச் சாமானை வைத்த பிறகு நின்றது என்றால், சந்தேகப்பட வேண்டியது அந்தச் சாமானையா, ஆகாயத்திலுள்ள சனிக் கிரகத்தையா? சனி நேற்றும் அங்கேதானே இருந்தது?

பொத்தானை அமுக்கியதும் பெட்டி முதலில் தன் உறுப்புக்களைத் தானே சோதித்துக்கொள்ளுகின்றது. ராம் இருக்கின்றதா, டிஸ்க் எது, அதில் விண்டோஸ் எங்கே என்று வரிசையாகத் தேடுகின்றது. இந்தத் தேடலில் எங்கே பதில் கிடைக்கவில்லையோ அங்கே நின்றுவிடுகின்றது. இவ்வளவுதான் விஷயம். டி.டி.ஆர்.3 என்னும் ராமில் 1.5 வோல்ட்டில் ஓடுவது ஒன்று. 'எல்' என்ற எழுத்துச் சேர்ந்து 1.35 வோல்ட்டில் ஓடுவது ஒன்று. குறைந்த வோல்ட்டே கொடுக்கக்கூடிய லேப்டாப்பில் முந்தியதைச் செருகினால் அது எப்படி எழுந்திருக்கும்? புது எஸ்.எஸ்.டி.யைப் போட்டுவிட்டு, சாகக் கிடக்கும் பழைய டிஸ்க்கையும் உள்ளேயே விட்டு வைத்தால், பெட்டி அந்தப் பிணத்தினிடம் பதில் கேட்டுக்கொண்டு நிற்கின்றது. மேசைக் கம்ப்யூட்டரானால், பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டுகின்றார்கள். கார்டு செருகும் இடத்தில் 75 வாட்டுக்கு மேல் கிடைக்காது. மீதிக்குத் தனிக் கம்பியும், தாங்கக்கூடிய பவர் சப்ளையும் வேண்டும். புது பிராசசர் போட்டால், அதைப் பழைய பயாஸ் அறியாமலும் இருக்கலாம்.

இவற்றுள் ஜோசியனுக்கு அதிக வரும்படி தரக்கூடியது ஒன்றுண்டு. உள்ளே நாணயம் போன்ற 3 வோல்ட் செல் ஒன்று இருக்கின்றது. அது தீர்ந்து போனால், கரண்டை எடுத்தவுடன் பெட்டி தேதியை மறக்கின்றது. டிஸ்க்கை எந்த முறையில் படிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் மறக்கின்றது. அந்த ஏற்பாடு மாறினால் விண்டோஸ் ஏறாமல் நின்றுவிடும். கையைக் கூட வைக்கவில்லை, தானாகவே கெட்டது என்பார்கள். ஒரு சின்னச் செல்லின் விலைக்கு முடிகிற காரியத்துக்குப் பரிகாரம் எத்தனை ரூபாய்!

வைத்தியம் என்ன? கரண்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, கடைசியாகப் போட்டதைக் கழற்றி, பழையதை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டியது. ஓடினால் வழக்குப் பாதி தீர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். ராமைக் கழற்றித் துடைத்துச் செருகி, அதே நாழிகையில் தேங்காயையும் உடைத்தால், ஓடினதற்குக் காரணம் துடைத்ததா, உடைத்ததா? ராமுக்கு யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாய்ப் புகழெல்லாம் தேங்காய்க்கே போகும்.

"ராக்கெட் விடுகிற விஞ்ஞானிகளே திருப்பதிக்குப் போகின்றார்களே" என்று சிலர் மடக்கப் பார்க்கின்றார்கள். போகின்றார்கள், உண்மைதான். ஆனால் 2006 ஜூலை 10-ந் தேதி ஜி.எஸ்.எல்.வி. எஃப்02 ராக்கெட் கிளம்பிய சற்று நேரத்தில் கெட்டு வீழ்ந்தபோது என்ன செய்தார்கள்? கமிட்டி போட்டு ஆராய்ந்து, பக்கத்து எஞ்சின்கள் நான்கில் ஒன்றிலிருந்த எரிபொருள் ஒழுங்குபடுத்தும் கருவியின் பழுது என்று கண்டுபிடித்தார்கள். அர்ச்சனையில் குறை என்று அறிக்கை எழுதவில்லை. 2007 செப்டம்பர் 2-ந் தேதி அடுத்த ராக்கெட் மேலே போயிற்று. திருப்பதிக்குப் போகும் கால்களைப் பார்க்கிறவர்கள், பழுதைத் தேடும் கைகளையும் பார்க்க வேண்டாமா?

நிற்க, ஜோசியனை விட்டு ரிப்பேர் கடைக்குப் போனாலும் நம்மவர்களின் குருட்டு நம்பிக்கை கூடவே போகின்றது. அங்கே ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மதர்போர்டு போய்விட்டது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால், ஏன் என்று கேட்பதில்லை. சமஸ்கிருத மந்திரத்திற்கு அர்த்தம் கேட்காத அதே வழக்கந்தான் இது. எல்லா ரிப்பேர்க்காரரும் அப்படியென்று நாம் சொல்ல வரவில்லை. காட்டிச் செய்கின்ற நாணயஸ்தர்கள் அநேகர் உண்டு. எதைக் கழற்றினீர், எதை மாற்றிப் போட்டுப் பார்த்தீர், அப்போது என்ன ஆயிற்று என்று மூன்று கேள்வி கேட்டால் யார் எவர் என்பது விளங்கிவிடும். அந்தக் கேள்வியை வீட்டு ஆண்பிள்ளை போய்க் கேட்க வேண்டுமென்பதில்லை; பெட்டிக்குரிய அந்தப் பெண்ணே கேட்கட்டும். ஸ்க்ரூ டிரைவரும் அவள் கையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. மாற்றும்போது எடுத்த பழைய ராமையும், ஓடுகிற நிலையிலிருந்தால் பழைய டிஸ்க்கையும் கடையிலேயே விட்டுவராமல் கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்வது நல்லது. மறுபடியும் பெட்டி முத்திரையோடு நின்றால், போட்டுப் பார்க்க முதலில் வேண்டியிருப்பது அதுதான்.