இருவருக்கும் ஒரே கேள்வி

காந்தியையும் அம்பேத்கரையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் பெரும்பாலான தேர்வர்கள் இரண்டு பக்கம் இவர் வரலாறு, இரண்டு பக்கம் அவர் வரலாறு எழுதி, 'இருவரும் மாமனிதர்கள்' என்று முடித்துவிடுகிறார்கள். ஒப்பீடு நடக்கவே இல்லை. மதிப்பெண் எங்கிருந்து வரும்?

எழுதும் முன் தாளின் நடுவே ஒரு கோடு. இரு பக்கத்துக்கும் ஒரே கேள்வி: தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதியை அவர்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கலாமா? 1932இல் அம்பேத்கர் ஆம் என்றார். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் முறை போயிற்று. மாகாண சட்டசபைகளில் ஒதுக்கீட்டு இடங்கள் 71லிருந்து 148 ஆயின.

தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. அதற்கு ஒரு பத்தி போதும். ஏன் பிரிந்தார்கள் என்பதற்குத்தான் பக்கங்கள். அடுத்த கேள்வி கிராமம்: காந்திக்கு லட்சிய சமூகத்தின் அடித்தளம். அம்பேத்கரோ 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே அதைச் சாடினார்.