ஓட வேண்டாம், ஆயத்தமாக இருங்கள்

மன்னார்த் தீவில் கோல்ப் மைதானம் கிடையாது. எருக்கலம்பிட்டியிலும் தலைமன்னாரிலும் நமது பிள்ளைகள் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும்தான் விளையாடுகிறார்கள். அப்படியிருக்க, வியாபாரப் பத்தியில் கோல்ப் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. கொழும்பிலும் துபாயிலும் பெரிய கம்பனிக்காரர் பலர் வியாபாரப் பேச்சை அந்தப் புல்வெளியில் வைத்துக்கொள்கிறார்கள். நம்மவர்களுக்கும் சில வேளை அழைப்பு வருகிறது. இது முதல் காரணம். அந்த விளையாட்டைப் பிடித்திருக்கும் நோயும் நமது கடைகளைப் பிடித்திருக்கும் நோயும் ஒன்றே என்பது இரண்டாவது. அந்த நோயின் பெயர் தாமதம்.

கோல்ப் நமது நாட்டுக்குப் புதிதல்ல. கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் வெள்ளைக்காரர் கழகம் அமைத்துவிட்டார்கள். றோயல் கொழும்பு கோல்ப் கழக மைதானத்தின் ஊடாகக் களனிவெளி ரயில் பாதையே போகிறது. கண்டிக்கு அருகே திகனவில் 1999இல் விக்டோரியா மைதானம் திறக்கப்பட்டது.

விளையாட்டு இதுதான். 18 குழிகள். ஒவ்வொன்றிலும் குறைந்த அடிகளில் பந்தை விழுத்த வேண்டும். பெரும்பாலும் நால்வர் ஒரு குழுவாகப் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் அடுத்த குழு, அதற்குப் பின்னால் இன்னொன்று. மன்னார்த் தாம்போதியில் முன்னால் ஓர் உழவு இயந்திரம் ஊர்ந்தால் பின்னால் வரும் பஸ்ஸும் லொறியும் ஊரத்தானே வேண்டும்? கோல்பிலும் அப்படித்தான். முன்னால் போகும் குழு வழிவிட்டாலன்றிப் பின்னால் வருகிறவர் முந்த முடியாது.

இதற்குத் தீர்வு வேகமாக நடப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 குழிகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். சாதாரண நடையில் அது ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஆட்டம் முடிய 4 மணித்தியாலத்துக்கு மேலும் ஆகிறது. மிச்ச நேரம் பெரும்பாலும் நிற்பதிலும் பார்ப்பதிலும் போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவர் 90 அடி அடித்தால் நால்வருக்கும் 360 அடி. ஒவ்வோர் அடிக்கும் 10 விநாடி மிச்சம் பிடித்தால் 3,600 விநாடி. சரியாக ஒரு மணித்தியாலம்! யாரும் ஓடவில்லை, யாரும் அவசரமாக அடிக்கவுமில்லை. மற்றவர் அடிக்கும்போதே தனது மட்டையைத் தெரிந்து, தூரத்தைக் கணித்து, ஆயத்தமாக நின்றார்கள். அவ்வளவுதான்.

கோல்ப் விதிகளை வகுப்பவர்களும் 2019இல் இந்த வழிக்கே வந்தார்கள். காணாமற்போன பந்தைத் தேடும் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைத்தார்கள். முறை வந்ததும் 40 விநாடிக்குள் அடிக்குமாறு பரிந்துரைத்தார்கள். குழிக்குத் தூரத்தில் உள்ளவரே முதலில் அடிப்பது பழைய முறை. எண்ணிக்கை ஆட்டத்தில், ஆபத்தில்லாத இடத்தில், ஆயத்தமாக இருப்பவர் முதலில் அடிக்கலாம் என்று ஊக்குவித்தார்கள். நியாயமின்றித் தாமதிப்பவருக்கு அந்த ஆட்டத்தில் முதல் தடவை ஓர் அடி தண்டனை, அடுத்து 2 அடி, மூன்றாம் தடவை ஆட்டத்திலிருந்தே நீக்கம்.

நமது கடையில் தண்டனை இப்படிப் படிப்படியாக வருவதில்லை. காத்திருந்து சலித்த வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த முறை பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

மீன் வியாபாரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பேசாலையிலோ சிலாவத்துறையிலோ தோணி கரைக்கு வந்த பிறகு ஐஸ் தேடுகிறவர் பேலியகொடைச் சந்தைக்கு எப்போது போய்ச் சேருவார்? சாரதி லொறியை எவ்வளவு வேகமாக விரட்டினாலும் கரையில் தொலைத்த நேரம் கிடைக்காது. உயிருக்கும் ஆபத்து. ஐஸையும் பெட்டியையும் தராசையும் முன்பே ஆயத்தமாக வைத்தவர் நிதானமாகப் போய் நல்ல விலை பார்க்கிறார்.

ஆனால் தாமதத்துக்கு ஆட்டக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மைதானம் நடத்துகிறவருக்கும் பங்குண்டு. ஒரு குழியில் ஒவ்வொரு குழுவுக்கும் 10 நிமிடம் தேவை என்று வையுங்கள். கூடுதலாகக் கட்டணம் சேர்க்கும் ஆசையில் நிர்வாகம் 8 நிமிடத்துக்கு ஒரு குழுவை அனுப்புகிறது. இரண்டாம் குழு 2 நிமிடம் காத்திருக்கும். பத்தாம் குழு 18 நிமிடம் காத்திருக்கும். அந்தப் பத்தாம் குழுவினர் எவ்வளவு சுறுசுறுப்பானவர்களாக இருந்தும் என்ன பயன்?

முதலாளிமார் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். பெருநாளைக்கு முந்திய இரவு கடை நிறையச் சனம். துணி எடுத்துக் காட்ட ஐந்து பொடியன்மார், காசு வாங்க ஒரேயொரு மேசை. சனம் அங்கே தேங்கி நிற்கிறது. முதலாளியோ பொடியன்மாரைப் பார்த்து, "கெதியாச் செய்யுங்கடா" என்று சத்தம் போடுகிறார். அவர்கள் ஓடினால் அந்த மேசையில் நெரிசல் இன்னும் கூடும். அந்த இரவுக்கு இன்னொருவரைக் காசு வாங்க அமர்த்துவது முதலாளியின் வேலை. ஒரு சாமானோடு நிற்பவருக்கு மற்றவர்களின் சம்மதத்தோடு வழிவிடலாம். மெதுவான குழு வேகமான குழுவுக்கு வழிவிடுவது கோல்பில் பழைய மரியாதை.

"வாடிக்கையாளரோடு நாலு வார்த்தை பேசாவிட்டால் அது என்ன வியாபாரம்?" என்று சில மூத்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பேசுங்கள், சுகம் விசாரியுங்கள். கை சாமானைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வாய் பேசலாம். கட்டி முடித்த பிறகும் கதை நீண்டால், பின்னால் நிற்கும் நாலு பேருடைய நேரத்தை எடுத்துத்தான் நீங்கள் இவருக்கு மரியாதை செய்கிறீர்கள்.

நாளைக்கு யாராவது உங்களைக் கோல்ப் மைதானத்துக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். நன்றாக அடிக்கத் தெரியாததை அங்கே எவரும் பெரிய குறையாக எண்ணமாட்டார்கள். மற்றவரைக் காக்க வைப்பதை மட்டும் பொறுக்கமாட்டார்கள். இங்கே கடைவாசலில் கையில் காசோடு நிற்கும் வாடிக்கையாளரும் அப்படித்தான்.