டயர்க் கடையில் கேட்க வேண்டிய கேள்வி

கார் டயர் மாற்றப் போகும் நம் வயதுக்காரர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" நம் பேரப்பிள்ளைகள் கேட்பது, "பார்க்க எப்படி இருக்கும்?" இரண்டுமே முதலில் கேட்கக் கூடாத கேள்விகள் என்பது என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது, "மழையில் பிரேக் போட்டால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?"

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். பேரன் பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கியிருக்கிறான். சின்ன வண்டி, ஆனால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் துள்ளும். வேலைக்காக மதுரையிலிருந்து விருதுநகருக்கு நாலுவழிச் சாலையில் தினமும் போய் வருகிறான். டயர் நான்கும் மொட்டை. அவனுக்கு 17 அங்குல அலாய் வீலும் அகல டயரும் வேண்டும். அவன் அப்பாவுக்கு விலை குறைவாக, நெடுநாள் ஓடுவதாக வேண்டும். "தாத்தா, நீங்களே சொல்லுங்க" என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவனுக்குப் பழக்கம் போகுமா? மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். அலுவலகமாக இருந்தால் குறைந்த விலைக்கு உத்தரவு போட்டுக் கோப்பை மூடிவிடலாம். ஆனால் நாற்காலி, பீரோ வாங்கும் விதி டயருக்கு ஒத்துவராது. கார் சாலையைத் தொடும் இடம் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான். நாலு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான் ஒரு டன் இரும்பும் அதற்குள் நம் பிள்ளையும் போகிறார்கள்.

15 அங்குலச் சக்கரத்தோடு வந்த ஸ்விஃப்டின் டயரில் 185/65 ஆர் 15 என்று இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது 120 மில்லிமீட்டர். கடைசி 15 உள்ளே இருக்கும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் பாதி மெட்ரிக், பாதி அங்குலம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு இங்கிலீஷ் கோப்புகளோடு காலம் தள்ளிய என்னைப் போலவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் இருக்கும் 'ஆர்' என்பது ரேடியல். இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் ஊரைச் சேர்ந்த மிஷ்லேன் கம்பெனி. 1946-ல் காப்புரிமை எடுத்தார்கள். (கடைப்பையன் 'மிச்செலின்' என்றான். திருத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.) டயருக்குள் இருக்கும் நூல்களை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடவிட்டு, சாலையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை கொடுத்தார்கள். அதனால் தரையில் படும் பகுதி விறைப்பாகவும், பக்கச்சுவர் வளைந்து கொடுப்பதாகவும் ஆயிற்று. பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச்சுவர்தான்.

இனி பேரன் கேட்ட டயருக்கு வருவோம். 205/45 ஆர் 17. கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரின் மொத்த உயரம் பழையதற்கு 621 மில்லிமீட்டர், புதியதற்கு 616. ஸ்பீடோமீட்டர் கணக்கு பெரிதாக மாறாது என்று கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் பக்கச்சுவர் 120-லிருந்து 92 மில்லிமீட்டராகிவிடுகிறது. ஓர் அங்குலத்துக்கு மேல் மெத்தை போயிற்று. காய்ந்த, வழவழப்பான சாலையில் இதற்குப் பலன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே வண்டி திரும்பும். பந்தயத் தளத்துக்கு அது பொருத்தம். நம் ஊரில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பள்ளமும், வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடையும் அடுத்தடுத்து வருகின்றன. மெல்லிய பக்கச்சுவர் பள்ளத்துக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவில் நசுங்கினால் உள்ளே நூல் அறுந்து, வெளியே கொழுக்கட்டை மாதிரி புடைப்பு வரும். அந்தப் புடைப்புக்கு ஒட்டு வேலை கிடையாது. டயரை எறியத்தான் வேண்டும்.

நமக்கு எந்த அளவு என்று எவரையும் கேட்க வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் அளவும் காற்றும் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அளவை அடுத்து 88 ஹெச் என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் வரும். 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எழுத்து வேகத்துக்கு: எஸ் 180 கிலோமீட்டர், டி 190, ஹெச் 210. வண்டிக்குச் சொன்னதைவிடக் குறைந்த எண்ணையோ எழுத்தையோ "ஸ்டாக் இதுதான் சார்" என்று தலையில் கட்டினால் வாங்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

மகன் கேட்ட கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அலுவலக ஜீப் டயரைத் தேயத் தேய ஓட்டி, ரீட்ரெடிங் செய்து மறுபடி ஓட்டி, அதுவும் போன பிறகு கண்டம் செய்யக் குறிப்பு எழுதிய தலைமுறை நாம். சிக்கனம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் ரப்பரில் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. பொதுவாகச் சொன்னால், கெட்டியான ரப்பர் நெடுநாள் ஓடும், பிடிப்பு குறையும். மிருதுவான ரப்பர் சாலையைக் கவ்வும், சீக்கிரம் தேயும். நல்ல கம்பெனிகள் இரண்டையும் ஓரளவு சேர்த்துக் கொடுக்கின்றன. மலிவு டயரில் பெரும்பாலும் பிடிப்பைத்தான் குறைத்திருப்பார்கள், ஏனென்றால் வாங்குகிறவர் கேட்பது கிலோமீட்டரைத்தான்.

மதுரைக்கு மழை கொஞ்சம்தானே என்பீர்கள். அதனால்தான் ஆபத்து. பல மாதத்து எண்ணெயும் புழுதியும் சாலையில் படிந்து கிடக்கும். சித்திரையில் ஒரு கோடை மழையோ ஐப்பசியில் முதல் மழையோ பெய்ததும் அது குழம்பாகி வழுக்கும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் குறுக்கே ஒரு மாடோ மொபெட்டோ வந்தால், நிற்பதற்குக் கூடுதலாக ஒரு பஸ் நீளம் தேவைப்படுவதுகூட உயிர்க்கணக்கு. ஐரோப்பாவில் 2012 முதல் ஈரச் சாலையில் டயரின் பிடிப்பு எப்படி என்று எழுத்துக் குறியிட்டு விற்கிறார்கள். நம் மத்திய அரசும் ஈரப் பிடிப்புக்குக் குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்று 2022-ல் அறிவிக்கை வெளியிட்டது. ஆகவே கடையில் இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

தேய்மானத்துக்கும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். டயரின் பள்ளக்கோடுகளுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் காருக்குச் சட்டப்படியே அந்த டயர் முடிந்தது. மழைக்கு நடுவில் ஓட்டுகிறவர்கள் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் ஒதுங்கும். இல்லாவிட்டால் சக்கரம் தண்ணீர் மேல் மிதக்கும், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

நாலையும் சேர்த்து மாற்றப் பணம் இல்லை, இரண்டுதான் முடியும் என்றால்? முன்சக்கரம்தான் இழுக்கிறது, புதுசை முன்னால் போடு என்பார்கள். டயர் கம்பெனிகளின் அறிவுரை நேர்மாறு: புதியது இரண்டும் பின்னால். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும், நம்மால் அடக்க முடியாது.

அடுத்தது காற்று. நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வெயில் காலத்தில் காற்று விரியும், ஆகையால் நாலைந்து பவுண்டு குறைத்து வை, இல்லாவிட்டால் டயர் வெடிக்கும் என்று. இது தலைகீழ். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாவது போல அது சூடாகிறது. வெளியே 40 டிகிரி, தார்ச்சாலை அதற்கு மேல், உள்ளே இந்தச் சூடு. அப்போதுதான் வெடிக்கிறது. ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பவுண்டு வீதம் காற்றழுத்தம் ஏறுவது இயற்கை, அதைக் கணக்கில் வைத்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அட்டையில் சொன்ன அளவு வைத்தால் போதும். ஓடிச் சூடான டயரிலிருந்து காற்றைப் பிடுங்காதீர்கள். நைட்ரஜனுக்குத் தனிக் காசு கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்.

டயர் நமக்கு அந்நியப் பொருள் அல்ல. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம் வளர்ந்த ஊர் இது. மாட்டு லாட ஆணிகள் பஸ் டயரைக் குத்தாமலிருக்க, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணி பொறுக்க வைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இன்றும் இருசக்கர வண்டி டயர்கள் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன. டயரைப் பேணத் தெரிந்த ஊர், வாங்கும்போது மட்டும் கிலோமீட்டர் கணக்கில் நின்றுவிடுகிறது.

பேரனுக்கு என் தீர்ப்பு: அதே 185/65 ஆர் 15. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், பிடிப்பில் பெயர் வாங்கியது. விலையில் என் பட்டியலின் நடுவில் இருந்தது. அலாய் ஆசைக்கு 15 அங்குலத்திலேயே அலாய் போட்டுக்கொள்ளட்டும். அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் அன்றைக்கே. "பார்க்க ஒல்லியா இருக்கு தாத்தா" என்று குறைப்பட்டான். சின்ன வண்டியின் துள்ளல் அது வளைவில் பிடித்து நிற்பதிலும், நினைத்த இடத்தில் நிற்பதிலும் இருக்கிறது என்றேன். ஒப்புக்கொண்டானா தெரியாது, வாங்கிக்கொண்டான்.

இதைப் படிக்கும் என் வயது நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. நம் கார் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போகிறது. பட்டன் தேயாது. ஆனால் ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒருவரின் வண்டி மொத்தமே 14 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, டயர் பார்க்கப் புத்தம் புதிது, வயதோ ஒன்பது. ஒரு சித்திரை மத்தியானம் நாலுவழிச் சாலையில் வெடித்தது. வேகம் குறைவு, தப்பித்தார்கள்.

டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உள்பக்கம் இருக்கும். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருஷம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள், ஸ்டெப்னி உட்பட. புதிதாக வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும், கடை அலமாரியில் இரண்டு வருஷம் தூங்கிய டயர் நமக்கு எதற்கு?

நாளைக் காலை காபி குடித்ததும் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போங்கள். குனிய முடியாவிட்டால் பேரனைக் கூப்பிட்டு அந்த நாலு எண்ணையும் வாசிக்கச் சொல்லுங்கள்.